நாலாம் பதிப்பு செத்துப்போச்சா? திருகோணமலை, உவர்மலை மேசையில இருந்து

கேள்வி | 2025 மே 3, இரவு 9.40

நானா, நான் கிண்ணியா. நாங்க அஞ்சு பேர் டீ அண்ட் டீ (டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ், ஆளுக்கொரு கற்பனைக் கரக்டரா மேசையில இருந்து கதை விளையாடுறது) விளையாடுறம், 2024 புத்தகம், எல்லாம் போன்லதான். உவர்மலைப் பக்கம் ஒரு செட் இன்னும் நாலாம் பதிப்பு விளையாடுதெண்டு கேள்விப்பட்டன். கரக்டர் செய்ய ஒழுங்கான ஒரு ஆப் கூட இல்லாத பதிப்பு. கம்பனியே கையைக் கழுவிட்டு. பிறகேன் அதில தொங்கிக்கொண்டு இருக்கிறீங்க? செத்தது செத்ததுதானே?

மே 4, காலை

அந்தச் செட் நாங்கதான். நாலு பேர், ஒரு டீஎம் (கதையை நடத்திறவர்).

பதிப்பு சாகேல்லை தம்பி, செத்தது கருவி. நாலாம் பதிப்பு 2008 இல வந்தது. கொஞ்ச நாளில அதை வெளியிடுற கம்பனி, விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட், விண்டோசில இறக்கிப் போடுற கரக்டர் பில்டர் (ஆளைக் கட்டுற சொப்ட்வெயார்) ஒண்டைத் தந்தது. சந்தா கட்டினா புதுசு வந்து சேரும். கட்டாட்டி, இறக்கினது வரைக்கும் உங்கட கொம்பியூட்டரில கிடக்கும். 2010 நவம்பரில அதை விட்டிட்டு நெற்றில ஓடுற பில்டரைக் கொண்டுவந்தினம். சில்வர்லைற் எண்ட பிளக்இன்னில செய்தது. குரோம் 2015 இலயும் பயர்பொக்ஸ் 2017 இலயும் அந்தமாதிரிப் பிளக்இன்களை வெட்டிவிட்டுது. பிறகு பழைய இன்டர்நெற் எக்ஸ்ப்ளோரரைத் தேடித் திறக்கவேண்டிய நிலைமை. 2020 ஜனவரி 1 ஓட கடையையே சாத்தியாச்சு.

அதால எங்களுக்கு என்ன வந்தது? புத்தகம் அலுமாரியில. கடதாசியும் பென்சிலும் காணும்.

மே 4, பின்னேரம்

நீங்க கேட்டது "ஏன் தொங்குறீங்க" எண்டு. நான் சரித்திரம் படிப்பிச்சிட்டுப் போயிட்டன்.

என்ர ஆள் ட்ராகன்போர்ன் வார்லோர்ட், அதாவது ட்ராகன் இனம், தளபதி வகுப்பு. பேர் குளக்கோட்டன். (சிரிக்கவேண்டாம். கோணேசர் கோயில் படியில இருந்து வைச்ச பேர்.) வார்லோர்டின்ர வேலை என்னெண்டா, தான் அடிக்கிறதை விட மற்றவனை அடிக்க வைக்கிறது. விழுந்து கிடக்கிறவனைப் பாத்து "எழும்படா" எண்டு ஒரு சத்தம். அவன் தன்ர ஹீலிங் சேர்ஜ் (காயம் ஆத்திற கையிருப்பு) ஒண்டைச் செலவழிச்சு எழும்புவான், மேலதிகமா தாயக்கட்டையும் உருட்டுவான். மந்திரம் இல்லை, சாமி இல்லை, வெறும் தொண்டை.

இந்த வகுப்பு உங்கட அடிப்படைப் புத்தகத்தில இல்லை, அதுக்கு முந்தின 2014 புத்தகத்திலயும் இல்லை. மாறச் சொன்னா அவனைக் கொண்டுபோட்டு வேற ஒருத்தனுக்கு அவன்ர பேரை வைக்கிற மாதிரி.

கால் ஒஃப் துலூ எண்ட மற்ற விளையாட்டுக்காரரைப் பாத்தாப் பொறாமையா இருக்கு. ஏழாம் பதிப்பில பழைய ஆளின்ர அடிப்படை எண்களை அஞ்சால பெருக்கினாச் சரி. கொப்பிக்குப் பின்பக்கத்தில முடியிற வேலை.

மே 6

நேற்று முழுக்க யோசிச்சன். "பழசானா கருவி சாகும்" எண்டது பிழை. டீ அண்ட் டீயின்ர 3.5 பதிப்பைப் பாருங்க. 2003 இல வந்தது, எங்கட நாலை விடப் பழசு. அதின்ர விதிக் கோப்பு இண்டைக்கும் நெற் முழுக்கக் கிடக்கு. பீசீஜென் எண்ட இலவச சொப்ட்வெயாரை இப்பவும் இறக்கி அந்தப் பதிப்புக்கு ஆள் செய்யலாம். ஏனெண்டா 2000 இல வந்த ஓஜிஎல் உரிமம், விதியை எடுத்து ஆரும் தங்கட வேலைக்குப் பாவிக்கலாம் எண்டுது. பாத்ஃபைண்டர் எண்ட வேற கம்பனியின்ர விளையாட்டு 2009 இல பிறந்ததே அந்த ஓட்டைக்குள்ளால. (ஓட்டை இல்லை, கதவு. திருத்தினன்.) 2019 இல அதுக்கு ரெண்டாம் பதிப்பு வந்தபிறகும், ஆர்கைவ்ஸ் ஒஃப் நெதிஸ் எண்ட அதின்ர விதித் தளத்தில முதலாம் பதிப்பு தனியா ஒரு பக்கத்தில குந்திக்கொண்டிருக்கு. ஒண்டு மற்றதை விழுங்கேல்லை.

நாலுக்கு அந்த உரிமம் இல்லை. ஜிஎஸ்எல் எண்டு இறுக்கமான ஒண்டைப் போட்டினம். விதி வசனத்தை அப்பிடியே எடுத்து உங்கட சொப்ட்வெயாருக்குள்ள போடேலாது. அதால ரசிகர் செய்யிற கருவியெல்லாம் எலும்புக்கூடு. கணக்குப் பாக்கும், வசனம் இராது. ஃபவுண்ட்றியில (இந்த விளையாட்டுகளைக் கொம்பியூட்டரில ஓட்டுற சொப்ட்வெயார்) நாலுக்கு ஒரு சிஸ்டம் இருக்கு, அதுவும் உந்த மாதிரித்தான்: பெட்டியெல்லாம் வடிவா இருக்கும், நிரப்பிறது உங்கட பாடு.

2023 ஜனவரியில கம்பனி ஓஜிஎல்லை மாத்தப்போய்ச் சனத்திட்ட வாங்கிக் கட்டினது தெரியும்தானே. 27ஆம் திகதி 5.1 விதிக்கோப்பை (2014 புத்தகத்தின்ர விதி) ஆரும் பாவிக்கலாம் எண்ட கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில போட்டினம். அதைத் திருப்பி வாங்கேலாது. போன மாசம் 2024 புத்தகத்துக்கான 5.2 உம் அதில வந்திட்டுது. உங்கட 2024 புத்தகத்தின்ர முள்ளெலும்பு ஆரும் பறிக்கேலாத இடத்தில கிடக்குது தம்பி. நீங்க எங்களைப் பாத்துப் பாவப்படலாம், அந்த உரிமை உங்களுக்கு இருக்கு.

மே 9

"கடதாசியும் பென்சிலும் காணும்" எண்டு எழுதினதை வாபஸ் வாங்கிறன்.

காலமை எங்கட டீஎம் இதை வாசிச்சிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்: "எந்த மஜிக் மிசைல்?" அது ஒரு தாக்குற மந்திரம். 2008 புத்தகத்தில அதுக்குக் கட்டை உருட்டி இலக்கைப் பிடிக்கவேணும். 2010 திருத்தத்தில உருட்டலே இல்லை, சும்மா படும். புத்தகத்தைத் திறந்தா பழசு. பில்டரைத் திறந்தா புதுசு. நாலாம் பதிப்புக்கு இந்தத் திருத்தம் கொஞ்சநஞ்சம் இல்லை. மூண்டாவது மிருகப் புத்தகத்தோட பூதங்களின்ர அடியே கூடிட்டுது. எல்லாத்தையும் ஒண்டாச் சேத்து வைச்சிருந்த ஒரே இடம் கம்பனியின்ர தரவுத்தளம். அது உள்ள போறதுக்குக் கடவுச்சொல் கேக்கும் இடம், அதால பழைய பக்கங்களைச் சேமிக்கிற ஆக்களின்ர வலையிலயும் அகப்படேல்லை. புத்தகம் உயிரோட இருக்கு, ஆனா புத்தகம் சொல்லுறது கடைசிச் சொல் இல்லை.

நாங்க திருத்தங்களைப் பிரிண்ட் எடுத்துப் பெட்டி ஃபைலில போட்டு வைச்சிருந்தம். 2016 இல கறையான் அரிச்சுப்போட்டுது. மட்டையைத் தூக்கினா மட்டை மட்டும் கையில வந்தது, உள்ளுக்கு மண். மஜிக் மிசைல் உட்பட.

மே 9, இரவு

இன்னொண்டும் ஒத்துக்கொள்ளவேணும். கடதாசி எண்டு வாய் கிழியக் கதைச்சவன்ர குளக்கோட்டன் இருக்கிறது எக்செல்லுக்குள்ள.

மே 12, வெசாக்

இண்டைக்கு விளையாட்டு. பன்சலைப் பக்கம் கூடு பாக்கச் சனம் போகுது, நாங்க மேல்மாடியில பூதம் அடிக்கிறம். எங்கட உலகத்தில இராவணன் வெட்டுத்தான் பாதாளத்துக்கு வாசல். கன்னியாவின்ர ஏழு கிணறும் ஏழு கதவு, ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு சூடு. எந்தச் சூட்டுக்கு எந்தக் கதவு எண்டு டீஎம் இன்னும் சொல்லேல்லை. தனக்கே தெரியாதெண்டுதான் நான் நினைக்கிறன்.

விசயம் அதில்லை. எங்கட செட்டில முந்தி இருந்த ஒராள் வெளிநாட்டில இருந்து வந்து நிக்கிறார். தன்ர வீட்டு லாச்சிக்குள்ள இருந்து ஒரு பென் ட்ரைவைத் தூக்கிக்கொண்டு வந்தார். 2011 இல நான் குடுத்ததாம். எனக்கு ஞாபகமே இல்லை. வீடு டச்பேக்குக் கிட்ட, உப்புக்காத்து. மூடி எப்பவோ துலைஞ்சிட்டுது. உலோக வாய் முழுக்கப் பச்சை பூத்து, உள்ளுக்கு இருக்கிற நாலு பித்தளைக் கோட்டில ரெண்டு தெரியேல்லை. காது துடைக்கிற பஞ்சில சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றைத் தொட்டுத் தொட்டு அரை மணித்தியாலம் துடைச்சன். பஞ்சு பச்சையா வரும், பிறகு சாம்பல், பிறகு ஒண்டும் இல்லை. லப்டொப்பில குத்தினா சத்தம் இல்லை. கொஞ்சம் சரிச்சுப் பிடிச்சா "டிங்".

உள்ளுக்கு பழைய பில்டர். இறக்கின கோப்பு, முழுசா.

போட வெளிக்கிட்டா டொட் நெட் 3.5 வேணுமெண்டுது. விண்டோஸ் 10 இல அது தூங்கிக்கொண்டிருக்கும், எழுப்பிறதுக்கு மைக்ரோசொஃப்டிட்ட இருந்து இறக்கவேணும். டொங்கிளில சிக்னல் ஒரு கோடு. முதல் தரம் விழுந்துது, ரெண்டாம் தரம் விழுந்துது. மூண்டாவதுக்கு நான் பிளேன்ரீ குடிக்கப் போயிட்டன், வந்து பாத்தா முடிஞ்சிருக்கு. எனக்கு உறைச்சது அதுதான். "கொம்பியூட்டரில தானே கிடக்கு" எண்டு நாங்க நினைக்கிற சாமானும் எங்கயோ இருக்கிற இன்னொருத்தன்ர வாசலைத் தட்டித்தான் எழும்புது. அந்தத் துண்டையும் இப்ப பக்கத்தில சேமிச்சு வைச்சாச்சு.

பில்டர் திறந்தது. 2010 இல உறைஞ்சுபோன உலகம். அதுக்குப் பிறகு வந்த ஒண்டும் உள்ளுக்கு இல்லை. எண்டாலும் மஜிக் மிசைலைத் தேடிப் பாத்தம். உருட்டல் இல்லை. டீஎம் வென்றார்.

மே 15

தம்பி கேக்கிறார், தங்களுக்கு இந்தப் பிரச்சினை வராதுதானே எண்டு.

2024 ஆகஸ்டை மறந்திட்டீங்களா? புதுப் புத்தகம் வாறதுக்கு முன்னம் டீ அண்ட் டீ பியொண்ட் (கம்பனியின்ர நெற் கருவி) சொன்னது: கரக்டர் சீற்றில 2014 மந்திரங்களும் மந்திரச் சாமான்களும் புது வசனத்துக்கு மாறும், பழசு வேணுமெண்டா நீங்களே வீட்டுவிதியா ஒண்டொண்டா எழுதிப் போடுங்கோ எண்டு. காசு குடுத்து வாங்கின ஆக்களுக்கு. சனம் கொதிச்சுது, கொஞ்ச நாளிலயே பின்வாங்கிட்டினம். பழசு "லெகசி" எண்ட அடையாளத்தோட இப்ப இருக்கு. இருக்கு எண்டதும் இருக்கும் எண்டதும் ஒண்டில்லை. அதே வருசம் ஏப்ரல் கடைசியில, புத்தகம் முழுக்க வாங்காம ஒரு சில்லறைத் துண்டை மட்டும் வாங்கிற வசதியையும் எடுத்திட்டினம்.

(நியாயமாவும் சொல்லவேணும். கியூர் வூண்ட்ஸ் எண்டு ஒரே பேரில ரெண்டு மந்திரம். 2014 இல ஒரு எட்டுப்பக்கக் கட்டை, 2024 இல ரெண்டு. ஒரே மேசையில ஒருத்தனுக்குப் பழசு, மற்றவனுக்குப் புதுசு, கருவி ரெண்டையும் குழப்பாமல் காட்டவேணும். அது லேசான வேலை இல்லை. நானே நாலு பேருக்கு எக்செல் செய்து நொந்தவன்.)

மே 16

நேற்று எழுதினதில ஒரு சொல். "வாங்கின ஆக்கள்" எண்டன். உண்மையில வாங்கினது பாக்கிற அனுமதி. தேத்தண்ணிக் கடையில பேப்பர் வாசிக்கிற மாதிரி. கடை பூட்டினாப் பேப்பரும் இல்லை.

மே 23

கம்பனியைத் திட்டிக்கொண்டிருக்கிறன், என்ர கதையையும் கேளுங்கோ.

2019 இல லப்டொப் கிடந்து இழுத்துது. ஒரு கடையில குடுத்தன். ரெண்டு நாளில திருப்பித் தந்தான், பறக்குது. வீட்டை வந்து பாத்தா டெஸ்க்டொப்பில குப்பைத்தொட்டி மட்டும். "அண்ணை, ஃபோர்மற் அடிச்சுத் தரச் சொன்னீங்கதானே?" நான் சொன்னது ஸ்லோவா இருக்கு எண்டுதான். பில்டர், பூதக் கோப்பு, ஆறு வருச விளையாட்டுக் குறிப்பு எல்லாம் போச்சு. அவனைக் குறை சொல்லி வேலையில்லை, கொப்பி எடுத்து வைக்காதவன் நான். கோபம் மட்டும் இன்னும் போகேல்லை.

மிஞ்சினது ஒண்டே ஒண்டு. 2018 இல குளக்கோட்டன் எட்டாம் நிலைக்கு வந்தபோது பில்டரில அடிச்ச சீற். ஆசைக்கு லமினேற் செய்து வைச்சிருந்தன், கறையானும் தொடேல்லை. அதைப் பாத்துத்தான் 2022 இல எக்செல்லை எழுதினன். அது கரண்ட் இல்லாத வருசம். மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் நிண்ட நாளும் இருந்தது. லப்டொப் பற்றரி இருக்கும்வரை அடிக்கிறது, பிறகு சார்ஜ் லைற்றில கையால. அவசரத்தில செய்த வேலை. (இந்த வசனத்தை ஞாபகம் வைச்சுக்கொள்ளுங்க.)

ஜூன் 1

கச்சான் காத்து. மேல்மாடியில இருக்கேலாது. கீழ இருந்து 304 எண்ட சீட்டு விளையாட்டு அடிச்சம்.

304 க்கு ஆர் பதிப்பாளர்? ஆருமில்லை. ஜக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினா 76, நாலு இனத்துக்கும் 304. பேருக்குள்ளயே விதி இருக்கு, மறந்தாலும் பிரிச்சு எடுக்கலாம். ஊருக்கு ஊர் கேள்வி கேக்கிற விதம் மாறும், சண்டை வரும், ஆனா கருவி செத்துப்போச்செண்டு ஒருத்தரும் அழுறதில்லை. குளக்கோட்டன்ர உயிர்ப்புள்ளியும் 76. இதை இண்டைக்குத்தான் கவனிச்சன். நல்ல சகுனம் எண்டு துரும்பு கேட்டுத் தோத்தன்.

எங்கட விளையாட்டு அப்பிடிப் பேருக்குள்ள அடங்காது, அதுதான் வில்லங்கம். பில்டரைக் காப்பாத்திறதை விட எங்கட நாலு ஆக்களையும் எங்கட மேசையில எடுத்த தீர்ப்புகளையும் காப்பாத்திறதுதான் முதல் வேலை எண்டு இப்ப நினைக்கிறன். அதுவும் எந்தச் சொப்ட்வெயாரிலயும் திறக்கிற வெறும் எழுத்துக் கோப்பா. "மஜிக் மிசைல்: 2010" எண்டு ஒரு வரி போதும். மே 4 இல நான் பில்டருக்கு ஒப்பாரி வைச்சதை வாசிக்க இப்ப சிரிப்பு வருது.

ஃபவுண்ட்றி பாவிக்கிறவைக்கு: புதுப் பதிப்பு வந்த உடன ஏத்தாதேயுங்கோ. உங்கட மொடியூல் ஓடுற பதிப்பின்ர கோப்பையும் சேத்து வைச்சுக்கொள்ளுங்கோ. ஒருக்கா வாங்கி உங்கட கொம்பியூட்டரிலயே ஓட்டுற சாமான் எண்டபடியா அது சாத்தியம். நெற்றில மட்டும் ஓடுறதில அது நடக்காது.

ஜூன் 10, பொசன்

கிண்ணியாத் தம்பி நேரில வந்திட்டார்! பஸ்ஸில, கையில ஒரு பார்சல் மாலு பணிஸோட. எங்கட டீஎம் அவருக்கு ஒரு பந்தயம் வைச்சார்: கருவி ஒண்டும் இல்லாம, புத்தகத்தையும் கடதாசியையும் வைச்சு, பதினொராம் நிலைக் குளக்கோட்டனை முதல்ல இருந்து கட்டிக் காட்டவேணும். சரியா வந்தா அடுத்த தரம் எங்களோட விளையாட்டு.

ரெண்டு மணித்தியாலம் பத்து நிமிசம். நாங்க பணிஸை முடிச்சிட்டம். பொடியன் பென்சிலைக் காதில செருகிக்கொண்டு ஒவ்வொரு எண்ணா வாசிச்சான், நான் என்ர எக்செல்லோட ஒப்பிட்டன். உயிர்ப்புள்ளி: வகுப்புக்கு 12, கொன்ஸ்டிற்றியூசன் (உடல் பலம்) 14, பத்து நிலைக்கு அஞ்சு அஞ்சா 50. மொத்தம் 76. சரி. ஹீலிங் சேர்ஜ்: நாலிலொண்டு 19, ட்ராகன்போர்ன் எண்டபடியா மேல ரெண்டு, 21. சரி. நாளுக்கு ஒன்பது சேர்ஜ். சரி.

டிப்ளோமசி (பேசி மடக்கிற திறமை). "பதினாலு, நானா."

என்னட்ட பதினெட்டு.

"தம்பி, திரும்பக் கூட்டுங்க."

"கரிஸ்மாவுக்கு நாலு, பழகின திறமைக்கு அஞ்சு, நிலையில அரைவாசி அஞ்சு. பதினாலு."

செல்லைத் திறந்து ஃபோர்முலாவைப் பாத்தன். லமினேற் சீற்றில இருந்த 13 ஐ அப்பிடியே அடிச்சு, அதுக்கு மேல நிலையில அரைவாசியைக் கூட்டச் சொல்லியிருக்கு. அந்த 13 க்குள்ள எட்டாம் நிலையின்ர அரைவாசி, நாலு, ஏற்கெனவே இருக்கு. பில்டர் கூட்டி முடிச்ச மொத்தத்தைத்தான் அச்சடிக்கும், நான் அதை அடிப்படை எண்டு நினைச்சிட்டன். அதுதான் இந்த மூண்டு வருசமா குளக்கோட்டன் வாயைத் திறந்தா காவல்காரன் கதவைத் திறந்திருக்கிறான்.

டீஎம் ஒண்டும் கதைக்கேல்லை. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுத் திரும்பவும் என்ர திரையைப் பாத்தார்.

ஜூன் 11

ஜே 14 செல் திருத்தியாச்சு. மற்றச் செல்லுகளைப் பாக்க எனக்கு இன்னும் தைரியம் வரேல்லை.

டீஎம் இப்பதான் போன் எடுத்தார். 2022 இல இருந்து குளக்கோட்டன் பேசியே மடக்கின ஆக்களின்ர லிஸ்ட் அவற்ற கொப்பியில இருக்காம், கடதாசிக் கொப்பி, திகதியோட. துறைமுகக் காவல் தலைவன், ரெண்டு வட்டிக்காரர், ஒரு சூனியக்காரி. எல்லாரும் ஏமாந்தது விளங்கி ஒண்டாத் திரும்பி வருகினமாம், ஜூலை 10 போயாவுக்கு.

தம்பி, நீங்களும் வாறீங்க. பென்சில் கொண்டு வாங்க. இந்தமுறை பணிஸ் எங்கட செலவு, ஆனா என்ர எக்செல்லுக்குக் கிட்ட வரப்படாது.